முதல் மண்

மழை விடவில்லை. கழியின் தண்ணீர் மடத்துப் படிக்கட்டில் இன்னொரு படி ஏறியிருந்தது.

குற்றாலநாதன் சமாதியில் விளக்கேற்றிவிட்டு வந்து வேலம்மையின் எதிரே உட்கார்ந்தார். அவர் சீடர், வேலம்மை குரு. ஆனால் வயதில் அவர்தான் மூத்தவர். கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்த பிறகு இந்த மடத்துக்கு வந்து சேர்ந்தார். வேலம்மை அவரை 'வாத்தியாரே' என்று கூப்பிடுவார். அதில் கேலி எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க வாத்தியாரே."

"இந்தக் கழி ஒண்ணுதான். நெடுவயல்காரங்க அதை வடிகால்னு சொல்றாங்க. மணல்குடிக்காரங்க அதையே வீடுன்னு சொல்றாங்க. அப்போ அந்த இடம் உண்மையில என்ன?"

வேலம்மை எழுந்தார். சுவரில் மாட்டியிருந்த மண்வெட்டியை இறக்கினார். அதைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்.

"இந்தத் தடவை நீங்க சொல்லுங்க," என்றார்.



அந்த மண்வெட்டியைச் சுவரிலிருந்து இறக்குவது சாதாரணக் காரியம் இல்லை. மேற்கே மலையில் பெய்யும் மழையெல்லாம் வந்து கழியில் சேரும். கழிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல்மேடு கிடக்கிறது. அதை ஓரிடத்தில் வெட்டித் திறந்தால் தண்ணீர் கடலுக்குப் போகும். பொழி வெட்டுவது என்று அதற்குப் பெயர். வெட்டாவிட்டால் கழி பெருகி நெடுவயலின் நெல் மூழ்கும். வெட்டினால் தண்ணீர் மணலை ஆழமாக அரித்துக்கொண்டு ஓடும், ஒரே ஓட்டத்தில் கழி காலியாகும், வளராத இறாலெல்லாம் கடலோடு போகும். மணல்குடியில் அந்த வருடம் பாதி அடுப்பு எரியாது.

வெட்டலாமா, வேண்டாமா என்று மடம்தான் சொல்லும். வேண்டாம் என்றால் மண்வெட்டி சுவருக்கே திரும்பும்; நெடுவயல் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போகும். வெட்டு என்றால், யாருக்கு நட்டமோ அவர்கள்தான் முதல் மண்ணை எடுக்க வேண்டும். அவர்கள் கை படாமல் வேறு யாரும் மணலைத் தொடக்கூடாது. மடத்தை நிறுவிய மணல்சாமி காலத்திலிருந்து அப்படித்தான். முதல் மண்ணை எப்போதும் மணல்குடிதான் எடுத்திருக்கிறது.

இந்த வருடம் பேச்சு முற்றிவிட்டது. மடம் என்ன சொன்னாலும் நாளைக்குச் சாயங்காலம் ஓதம் வற்றிக் கடல் உள்வாங்கும்போது வெட்டியே தீருவோம் என்று நெடுவயலில் சொல்லிவிட்டார்கள். மடம் சொல்லாமல் எவன் மணலைத் தொடுகிறானோ அவன் கையை எண்ணிக்கொள்ளட்டும் என்று மணல்குடியில் பதில் சொல்லிவிட்டார்கள்.

"அம்மா, நான் தப்பாச் சொல்லிட்டா?"

"அதனாலதான் உங்ககிட்டக் குடுத்தேன். நான் நெறையத் தடவை சொல்லிட்டேன்."

மணல்மேட்டின் தென்கோடியில், மடத்தை ஒட்டி, குற்றாலநாதனின் குடில் இருந்தது. பக்கத்தில் மணல்சாமியின் சமாதி, அதன்மேல் கவிந்த ஒரு புன்னை. குடிலுக்குக் கால் நட்டபோது இடுப்பளவு ஆழத்தில் பாறை தட்டியது. நல்ல அஸ்திவாரம் என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டார். ஜன்னலைத் திறந்தால் கழி முழுவதும் தெரியும். தூரத்து வயல்கள், தென்னைகளுக்குப் பின்னே மணல்குடி, வெண்மையாக நீண்டு போகும் மணல். வந்த புதிதில், இங்கே உட்கார்ந்தால் எல்லாம் தெரிகிறது என்று வேலம்மையிடம் சொன்னார். அவர் சிரித்தார்.

அன்று இரவு விடியும் வரை குற்றாலநாதன் அந்த ஜன்னல் ஓரமாகவே உட்கார்ந்திருந்தார். காலையில் தண்ணீர் குடிலின் வாசலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"ஏதாவது தெரிஞ்சுதா?" என்றார் வேலம்மை.

"தெரிஞ்ச மாதிரி இருக்கு. கடலுக்குப் போறது தண்ணியோட இயல்பு. மணல் அதைத் தடுக்குது. இயல்பைத் தடுக்கறது நியாயம் ஆகாது. அதனால வெட்டலாம்."

"மணலைக் கொண்டுவந்து போட்டது யாரு?"

"கடல்."

"அது கடலோட இயல்பு இல்லையோ?"



"சரி, வேற மாதிரி சொல்றேன். நெடுவயல் பெரிய ஊர். மணல்குடி சின்னது. ரெண்டு நட்டத்துல சின்ன நட்டத்தை ஏத்துக்கறதுதான் தர்மம்."

"சின்ன நட்டம் யாருக்கு?"

"மணல்குடிக்கு."

"அதுல ஒருத்தர் முகத்தைச் சொல்லுங்க."

அவருக்கு ஒரு முகமும் வரவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்தால் தோணிகள் தெரியும். ஆட்கள் புள்ளிகளாகத்தான் தெரிவார்கள்.

"போய்க் கேட்டுட்டு வாங்க," என்றார் வேலம்மை. "ஓதம் வத்துறதுக்குள்ள வந்துருங்க."

நெடுவயலில் வரப்பு எது, வயல் எது என்று தெரியவில்லை. தாணுமாலயன் தன் வயலில் முழங்கால் தண்ணீரில் நின்று, சாய்ந்த பயிர்களைப் பிடிபிடியாகச் சேர்த்து நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார். நாலைந்து பேர் மண்மூட்டைகளை வரப்பில் அடுக்கினார்கள். அடுக்க அடுக்கத் தண்ணீர் ஓரமாக வழிந்தது.

"புரொபசர் சாமியா? வேட்டியத் தூக்கிக் கெட்டுங்க. அட்டை கெடக்கு."

"தாணுமாலயன், இந்தப் பொழி உங்களுக்கு என்னங்கறதைத் தெரிஞ்சுக்க வந்தேன்."

"நல்ல நேரம் பாத்து வந்தீரு வே!"

ஆனாலும் தாணுமாலயன் ஒரு கதிரைக் கிள்ளி, நகத்தால் ஒரு நெல்லை அழுத்திக் காட்டினார். வெள்ளையாகப் பால் கசிந்தது.

"இதாக்கும். நாளைக்குக் காலம்பற தலை வெளிய நின்னா நெல்லு. முங்கிட்டா சகதி. போன தடவை வேண்டாம்னு மடம் சொல்லிச்சு. நாங்க வாயத் தொறந்தமா? விதைநெல்லுகூட மிஞ்சல்ல. எங்க வீட்டுக்காரி அவ அண்ணன் வீட்டுல போயி நெல்லு கேட்டு நின்னா. அது உங்களுக்கு அங்கேருந்து தெரிஞ்சுதா?"

"மணல்குடிக்கும் கஷ்டம்தானே?"

"அவனுகளுக்குக் கடல் கெடக்கு. எனக்கு இதை விட்டா எந்த வயலு கெடக்கு?"

குற்றாலநாதன் ஒவ்வொரு வீடாகப் போனார். யார் எப்போது விதைத்தார்கள், எந்த வயல் பள்ளம், எது மேடு, யாருக்கு யார்மேல் கோபம் என்று பொறுமையாகக் கேட்டார். கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்கள். அவர் கிளம்பும்போது, மூட்டை சுமந்துகொண்டிருந்த ஒருவர் பின்னாலிருந்து கூவினார்.

"சாமீ, மணல்சாமிகிட்ட நாங்க கேட்டதாச் சொல்லும்! கொஞ்சம் தள்ளி உக்காந்தா என்னவாம்னு!"

எல்லாரும் சிரித்தார்கள். தாணுமாலயனும் சிரித்தார். கஷ்டத்திலும் இவர்களுக்குச் சிரிப்பு வருகிறதே என்று நினைத்துக்கொண்டு குற்றாலநாதனும் சிரித்து வைத்தார்.

மணல்குடியில் ஆண்கள் துடுப்புகளோடு கரையில் நின்றார்கள். யாரும் தோணியில் ஏறவில்லை. பெண்கள் மட்டும் மார்பளவு தண்ணீரில் வரிசையாக நகர்ந்து, அடியில் கைகளால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி பல்லிலும் இறால் போட ஓர் ஓலைப்பறி. அவர்களில் பிரகாசி என்பவள் தன் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கரைக்கு வந்தாள். குளிரில் அவள் விரல் நுனிகள் சுருங்கி வெளுத்திருந்தன.

"மடத்துலேருந்து எங்க கரைக்கு ஆளு வருதா! ஏ பிள்ளைகளா, மழை ஏன் நிக்கலன்னு இப்போ தெரியுது."

"கோபப்படாம ஒரு விஷயம் சொல்லணும். இந்தக் கழி உங்களுக்கு—"

அவள் பறியைக் கவிழ்த்து உள்ளங்கையில் காட்டினாள். இறால்கள் நகத்தளவு இருந்தன. கண்ணாடி போலத் துள்ளின.

"இன்னும் ஒரு மாசம் கெடந்தா விரலளவு வரும். இப்போ தொறந்தா கடலுக்குத் தீனி. எங்க ஆம்பிளைகளுக்குக் கடல் உண்டு சாமி, பொம்பளைகளுக்குக் கழிதான். எங்க அம்மைக்கும் இதுதான், எனக்கும் இதுதான்."

"நெடுவயல்ல பயிர் பால் பிடிக்கிற நேரம். நான் பார்த்துட்டு வந்தேன்."

"நான் பாக்காததா? அந்த நெல்லத்தானே நானும் வாங்கித் திங்குதேன்." அவள் குரல் தணிந்தது. "ஒருக்க மடம் வெட்டச் சொல்லிச்சு. முதல் மண்ண எங்க அம்மைதான் எடுத்தா. அழுதுகிட்டே எடுத்தா. அதுக்குப் பொறவு சாகுற வரைக்கும் அவ உங்க மடத்துப் பக்கம் தலைவச்சுப் படுக்கல."

அவர் அங்கேயும் வீடு வீடாகக் கேட்டார். கேட்கக் கேட்கத் தலை கனத்தது. திரும்பும்போது தண்ணீரிலிருந்து ஒருத்தி சொன்னாள்:

"பாறைமேல ஏறி உக்காந்துகிட்டு, மணலை வெட்டுங்கடின்னு சொல்ல என்ன கஷ்டம்?"

பறியைக் கடித்துக்கொண்டிருந்த பெண்கள்கூட மூக்கால் சிரித்தார்கள். அவர் காதில் விழாததுபோல நடந்தார்.

உச்சி சாய்ந்துவிட்டது. வடக்கே மணல்மேட்டில் ஆட்கள் கூடத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு கூட்டம், நடுவே கொஞ்சம் வெறும் மணல்.

வேலம்மை மடத்து வாசலில் நின்றார்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன் அம்மா. எல்லார்கிட்டயும் கேட்டேன். காலையில எனக்கு ஒரு முடிவாவது இருந்தது. இப்போ அதுவும் இல்ல." அவர் மூச்சு வாங்கினார். "ரெண்டு பேர் சொல்றதும் சரியா இருக்கு. தாணுமாலயன் பேசும்போது வெட்டணும்னு தோணுது. பிரகாசி பேசும்போது கூடாதுன்னு தோணுது. இன்னும் கொஞ்ச நேரத்துல அடிச்சுக்கப் போறாங்க. நீங்களே சொல்லிடுங்க. என்னால ஆகாது."

"நீங்க பாத்த எடத்த வரைஞ்சு காட்டுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

அவர் ஒரு குச்சியை எடுத்து ஈரமணலில் வரைந்தார். கழி, அதன் தலைமாட்டில் நெடுவயல், இடுப்பில் மணல்குடி, கீழே கோடாக மணல்மேடு, அதற்கப்பால் கடல்.

"இதுல உங்க ஜன்னல் எங்க இருக்கு?"

"ஜன்னல் இதுல வராது அம்மா. அங்கேருந்துதானே நான் பார்த்தேன்."

வேலம்மை படத்தின்மேல் குனிந்தார். மழைத்துளிகள் படத்தில் விழுந்து குழி செய்தன.

"கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாங்க, சரி. யாராவது சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க. ரெண்டு ஊர்லயும். என்னைக் கேலி பண்ணி. அதை எதுக்கு…"

"என்ன சொல்லிச் சிரிச்சாங்க?"

"மணல்சாமி கொஞ்சம் தள்ளி உட்காரக் கூடாதான்னு நெடுவயல்ல. மணல்குடியில, நாம பாறைமேல ஏறி உட்கார்ந்துகிட்டு மணலை—"

அவர் நிறுத்திக்கொண்டார்.

வேலம்மை குடிலுக்குள் போனார். உள்ளிருந்து மண்வெட்டிக்காம்பு மணலில் இறங்கும் ஓசை கேட்டது. ஒருமுறை, இன்னொருமுறை. அப்புறம் டங்கென்று கல்லில் தட்டியது. அவர் வெளியே வந்து, சமாதிக்கு அருகே, புன்னைக்கு அருகே, மடத்துச் சுவர் ஓரமாகக் குத்திப் பார்த்தார். எல்லா இடத்திலும் அதே ஆழத்தில் அதே சத்தம்.

"பாறைமேல ஓடுற தண்ணி எவ்வளவு அரிக்கும்?" என்றார்.

"அரிக்காது." குற்றாலநாதன் சமாதியைத் திரும்பிப் பார்த்தார். "பாறை மட்டம் வரைக்கும் வழியும். அதுக்குக் கீழ எறங்காது. வயலும் முங்காது, கழியும் காலியாகாது. அப்போ, மடம் வர்றதுக்கு முன்னால பொழி இங்கேதான்…"

"சாமி வந்து உக்காந்தாரு. சாமி உக்காந்த எடத்த எப்படி வெட்டுறதுன்னு மண்ணப் போட்டு மூடிருப்பாங்க. பொறவு வடக்க வெட்டினாங்க. பொறவு சண்ட வந்துச்சு. சண்டைக்கு நியாயம் கேட்டு சாமிகிட்டயே வந்தாங்க."

"இத்தனை வருஷமா ஒருத்தர்கூட நம்மகிட்டச் சொல்லலையே!"

"நியாயம் சொல்லுத ஆளப் பாத்து எந்திரின்னு யாரு சொல்லுவா, வாத்தியாரே? சிரிச்சுத்தான் சொல்லுவாங்க. நானும் அந்தச் சிரிப்பக் கேட்டிருக்கேன்."

அவர் நடந்துபோய், ஈரமணலில் வரைந்த படத்தின் தென்கோடியில் உட்கார்ந்தார். கோடு அவர் சேலைக்கடியில் அழிந்தது.

வடக்கே சத்தம் கூடியது. யாரோ ஒருவன் தடியை ஓங்குவது இங்கிருந்தே தெரிந்தது. வேலம்மை எழுந்து அந்தப் பக்கம் நடந்தார். கையில் ஒன்றும் இல்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குற்றாலநாதன் பின்னால் போனார்.

இரண்டு கூட்டமும் மண்வெட்டியைப் பார்த்ததும் அடங்கின. மணல்குடிப் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பிரகாசி முன்னால் வந்தாள். அவள் முகம் கல்லாக இருந்தது.

"குடுங்க. எங்க அம்மை எடுத்தா. இப்போ நான் எடுக்கேன். வேற என்ன?"

"இங்க இல்ல," என்றார் வேலம்மை. "தெக்க. மடத்து வாசல்ல."

கடல் பின்வாங்கிக்கொண்டிருந்தது. பிரகாசி தாணுமாலயனைப் பார்த்தாள். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் அன்றைக்கு அப்போதுதான் பார்த்தார்கள்.

எல்லாரும் குடிலின் முன்னால் வந்து நின்றார்கள். குற்றாலநாதன் மண்வெட்டியைப் பிரகாசியிடம் நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இங்கன வெட்டினா எங்களுக்கு என்ன நட்டம்? நான் எதுக்கு எடுக்கணும்?"

அவர் தாணுமாலயனிடம் நீட்டினார்.

"எங்களுக்கும் இல்லையே சாமி," என்றார் தாணுமாலயன், சங்கடமாக.

குற்றாலநாதன் திரும்பி வேலம்மையைப் பார்த்தார். அவர் சமாதிக்குள் போய் விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்திருந்தார். அது அணையாமல் இருக்கச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தார்.

"ஓதம் திரும்பப் போவுது, வாத்தியாரே."

அவர் குடில் வாசலில் நின்றார். உள்ளே ஜன்னல் திறந்திருந்தது. கழி முழுவதும் தெரிந்தது. மனைவி போனபிறகு உலகத்தில் அவர் நிம்மதியாக உட்கார்ந்த இடம் அது ஒன்றுதான். பாறை சரியாக நிற்குமா, ஓரமாக அரித்து எல்லாவற்றையும் கொண்டுபோய்விடுமா என்று யாருக்கும் தெரியாது. அவர் மண்வெட்டியை ஓங்கினார். முதல் வெட்டு சரியாக விழவில்லை. இரண்டாவது வெட்டில் ஒரு கை மண் வந்தது. அதை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

பிரகாசி தன் ஓலைப்பறியை நீட்டினாள். அவர் அதில் போட்டார்.

அதன்பிறகு இரண்டு ஊராரும் இறங்கினார்கள். துடுப்பால் தள்ளினார்கள், கையால் வாரினார்கள். தண்ணீர் முதலில் நூலாக வந்தது, பிறகு கயிறாக. பிறகு அதன் சத்தம் மாறியது. குடிலின் ஒரு பக்கம் சாய்ந்தது, ஓலைக்கூரை அப்படியே மிதந்து கடலை நோக்கிப் போனது. சமாதியின் கற்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் விழுந்தன. புன்னை வெகுநேரம் ஆடிக்கொண்டிருந்தது. மடத்துச் சுவரில் ஒரு விரிசல் ஓடியபோது கூட்டத்தில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள்.

எல்லாரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது இறங்கிக்கொண்டே இருந்தது. நிற்குமா? பெண்கள் தங்கள் கழியைப் பார்த்தார்கள். நெடுவயல்காரர்கள் வயலுக்கு ஆளை ஓடவிட்டார்கள்.

வெளிச்சம் மங்குவதற்குச் சற்று முன்னால், நுரைக்கு நடுவே கறுப்பாக ஒரு விளிம்பு தெரிந்தது. பாறை. தண்ணீர் அதன்மேல் மெல்லிசாக வழிந்தது. பிறகு இறங்கவில்லை.

யாரும் ஆரவாரம் செய்யவில்லை. ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். பிரகாசி பறியிலிருந்த மண்ணைக் கொட்டவில்லை, அப்படியே எடுத்துப் போனாள்.

குற்றாலநாதனும் வேலம்மையும் நனைந்த மணலில் நின்றார்கள். விளக்கு இன்னும் எரிந்தது. அதை வைக்கத்தான் இடம் இல்லை.

"அம்மா."

"சொல்லுங்க."

"அடுத்த மழைக்குச் சண்டை வராம இருக்காது. பாறை மட்டம் போதல, கொஞ்சம் உடைக்கணும்னு நெடுவயல் சொல்லும். கூடாதுன்னு மணல்குடி சொல்லும். அப்போ நியாயம் கேக்க இவங்க எங்கே போவாங்க?"

வேலம்மை சேலை நுனியைப் பிழிந்தார். தண்ணீர் அவர் கால்களுக்கிடையே ஓடிப் பொழியில் சேர்ந்தது.

"தெரியல்ல வாத்தியாரே," என்றார். "அவங்களோட நாமளும் போயிக் கேப்போம்."